சிறு மொழி மாடல்களும் நிரப்பப்படாத அட்டைகளும்

மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தின் வழக்கமான கருவிகளைக் கொண்டு ஒரு சிறிய மொழி மாடலைத் தன் தரவில் மேலும் பயிற்றுவித்து, அதாவது ஃபைன்-டியூன் செய்து, ஏற்றினால், அதற்கான விவர அட்டை ஒன்று தானாகவே உருவாகிவிடுகிறது. பயிற்சியை நடத்தும் டிரெய்னர் என்ற நிரலே அதை எழுதித் தருகிறது. கற்றல் வீதம் 0.00002, பேட்ச் அளவு 8, சீடு எண் 42, எபோக் 3, ஆடம் ஆப்டிமைசர், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் பிசகில்லாமல் பதிவாகியிருக்கும். அதே அட்டையில் மாடலின் விளக்கம், எதற்குப் பயன்படும், எங்கே தவறும், எந்தத் தரவில் பயிற்சி பெற்றது ஆகிய தலைப்புகளுக்குக் கீழே ஒரே வரி திரும்பத் திரும்ப நிற்கும்: 'மேலும் தகவல் தேவை'. பெயர் கொடுக்கப்படாத தரவாக இருந்தால், எடுத்துக்காட்டாக, டிஸ்டில்-ஜிபிடி2 என்ற சிறு மாடலைத் 'தெரியாத ஒரு தரவுத்தொகுப்பில்' ஃபைன்-டியூன் செய்து பெறப்பட்டது இது என்று அட்டையின் முதல் வாக்கியமே சொல்லும்.

நிரலுக்குத் தெரிந்ததை நிரல் நிரப்பிவிட்டது. செய்தவருக்கு மட்டுமே தெரிந்தது காலியாகக் கிடக்கிறது. அப்படியே விடப்பட்ட அட்டைகள் பொதுவெளியில் ஏராளம். சிறு மாடல்களை ஆவணப்படுத்துவது பற்றி எழுதப்பட்டவற்றையும் நடைமுறையில் நடப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, குறை எங்கே என்பது தெளிவாகவே தெரிகிறது. அட்டை வடிவங்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஆனால் மூல மாடலிலிருந்து தன்னுடையது எந்த இடத்தில், எதனால் வேறுபடுகிறது என்பதை மாற்றியவர் எழுதுவதில்லை. சிறு மாடலின் ஆவணம் முதன்மையாக அந்த வேறுபாட்டின் ஆவணமாக இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

'சிறிய' என்பதற்கு வரையறுத்த எல்லை ஒன்றும் கிடையாது. தனியொருவர் ஒரே ஒரு கிராஃபிக்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு மாற்றியமைக்கக்கூடியவை என்று இங்கே கொள்வோம். இந்த வட்டத்தைப் பெரிதாக்கியது 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட லோரா முறை. மாடலுக்குள் 4096-க்கு 4096 என்ற அளவில் ஓர் அணி இருந்தால் அதில் சுமார் 1.68 கோடி எண்கள் இருக்கும். லோரா அவற்றைத் தொடாமல், பக்கத்தில் இரண்டு ஒல்லியான அணிகளைச் சேர்த்து அவற்றை மட்டும் பயிற்றுவிக்கிறது. ரேங்க் 8 என்று வைத்தால் மாறும் எண்கள் 65,536 மட்டுமே. 2023-இல் வந்த க்யூலோரா, 6,500 கோடி பாராமீட்டர் கொண்ட மாடலையே 48 ஜிபி நினைவகமுள்ள ஓர் அட்டைக்குள் அடக்கிப் பயிற்றுவித்துக் காட்டியது. ஆய்வுக்கூடங்களில் மட்டும் நடந்துவந்த வேலை கல்லூரி மாணவரின் மேசைக்கு வந்தது இப்படித்தான். ஆவணப்படுத்தும் மரபு மட்டும் ஆய்வுக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த மரபு தோன்றியதும் வெகுகாலத்துக்கு முன்பல்ல. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதமும் கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரையும் தவறுவதைக் காட்டியது. மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண் இந்த இடைவெளியை மறைத்திருந்தது. அதே ஆண்டில் மூன்று முன்மொழிவுகள் வந்தன. மின்னணு உதிரிபாகங்களோடு வரும் தகவல் தாளைப் போலத் தரவுத்தொகுப்புக்கும் ஒன்று வேண்டும் என்றது கெப்ரு குழு. மொழித் தரவு யாருடைய பேச்சு, எந்த வட்டாரத்து வழக்கு, எந்தச் சூழலில் சேர்க்கப்பட்டது என்று சொல்லவேண்டும் என்றனர் எமிலி பெண்டரும் பாட்யா ஃபிரீட்மனும். மார்கரெட் மிட்செல் தலைமையிலான ஒன்பது பேர் மாடல் அட்டையை முன்வைத்தனர். மாடலின் விவரம், நோக்கம், செயல்திறனைப் பாதிக்கும் காரணிகள், அளவீடுகள், சோதனைத் தரவு, பயிற்சித் தரவு, பிரித்துக் காட்டிய முடிவுகள், அறம் சார்ந்த கேள்விகள், எச்சரிக்கைகள் என ஒன்பது பகுதிகள். இன்று நாம் காணும் அட்டைகளெல்லாம் இதன் வழிவந்தவையே.

இந்த ஒன்பதும், ஒரு மாடலை அடியிலிருந்து நுனிவரை ஒரே குழு உருவாக்குகிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஃபைன்-டியூனிங்கில் நிலைமை வேறு. டிஸ்டில்-ஜிபிடி2-வை எடுத்துக்கொள்வோம். 12.4 கோடி பாராமீட்டர் கொண்ட சிறிய ஜிபிடி-2 மாடலை ஆசிரியராக வைத்து 8.2 கோடியாகச் சுருக்கப்பட்டது அது. அதன் அட்டை நன்றாக எழுதப்பட்ட ஒன்று. ஓப்பன்வெப்டெக்ஸ்ட் தொகுப்பில் பயிற்சி பெற்றது என்கிறது. விக்கிடெக்ஸ்ட்-103 சோதனையில் ஜிபிடி-2 பெற்ற 16.3 பெர்ப்ளெக்சிட்டிக்கு எதிரே தான் பெற்றது 21.1 (குறைவாக இருந்தால் நல்லது) என்று, சுருக்கியதால் வந்த இழப்பை மறைக்காமல் எழுதுகிறது. உண்மைக்கும் புனைவுக்கும் வேறுபாடு அறியாத மாடல் என்பதால், எழுதியது உண்மையாக இருந்தே தீரவேண்டிய வேலைகளுக்கு ஆகாது என்கிறது. வெள்ளையர் ஒருவர், கறுப்பினத்தவர் ஒருவர் என்று மாற்றிமாற்றி வாக்கியத்தைத் தொடங்கிக் கொடுத்தால் மாடல் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறது என்பதை உள்ளபடியே ஒட்டிக் காட்டுகிறது. எட்டு வி100 கிராஃபிக்ஸ் அட்டைகள், 168 மணி நேரம், 149.2 கிலோ கரியமில வாயு என்று கணக்கும் தருகிறது.

அந்த டிஸ்டில்-ஜிபிடி2-வை வேறொருவர் எடுத்து மாற்றியதும் இவ்வளவும் ஒரு தொடுப்பாகச் சுருங்கிவிடுகிறது. மூலத்தின் அட்டையைப் போய்ப் படிக்கலாமே என்று கேட்கலாம். படிக்கலாம்தான். ஆனால் அதில் சொல்லப்பட்டவற்றில் எது இப்போதும் செல்லும், எது செல்லாது என்பதை மாற்றியவர்தான் சொல்லமுடியும். ஜிபிடி-2-வின் பயிற்சித் தரவைத் தயாரித்தபோது ஆங்கிலமல்லாத பக்கங்களை ஓப்பன்ஏஐ வேண்டுமென்றே நீக்கியது. ஓப்பன்வெப்டெக்ஸ்ட் அதைப் பார்த்துச் செய்த மறு உருவாக்கம். அப்படிப்பட்ட அடித்தளத்தின்மேல் தமிழ்க் கதைகளை ஏற்றியவர், அந்த உண்மையைத் தன் அட்டையிலும் ஒரு வரியாக எழுதினால்தான், மாடல் ஏன் சொல்லின் பாதியில் சிதைகிறது என்பது பயன்படுத்துபவருக்குப் புரியும்.

தரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், சிறு மாடலின் குணமே அதில்தான் தீர்மானமாகிறது. ஸ்டான்ஃபோர்டு குழு 2023 மார்ச்சில் வெளியிட்ட அல்பாகா நல்ல சான்று. மெட்டாவின் 700 கோடி பாராமீட்டர் லாமா மாடலை 52,000 கட்டளை-விடை இணைகளில் ஃபைன்-டியூன் செய்தார்கள். அந்த விடைகளை எழுதியது ஓப்பன்ஏஐயின் டெக்ஸ்ட்-டாவின்சி-003. செலவு மொத்தம் 600 டாலருக்குள். எந்த மாடலைக் கொண்டு தரவு உற்பத்தியானது, மூல லாமாவின் உரிமம் என்ன, டாவின்சியின் பயன்பாட்டு விதிகள் எதைத் தடுக்கின்றன, அதனால் இதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையெல்லாம் அவர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்தத் தரவு பிறகு பல மொழிகளுக்குப் போனது. 2023 நவம்பரில் வெளியான தமிழ் லாமா, லாமா-2-வின் சொற்பட்டியலில் 16,000 தமிழ் டோக்கன்களை (மாடல் பனுவலை வெட்டிப் படிக்கும் துணுக்குகளை)ச் சேர்த்து, லோரா முறையில் தமிழ்ப் பனுவல்களில் பயிற்சி கொடுத்து, பிறகு தமிழாக்கப்பட்ட அல்பாகா தரவிலும் பயிற்றுவிக்கப்பட்டது. இதன் ஆசிரியர் கட்டுரையாகவே எழுதி வைத்ததால் இந்தச் சங்கிலி நமக்குத் தெரிகிறது. இதன்மேல் இன்னொருவர் தன் தரவை ஏற்றி, இன்னொரு பெயரில் வெளியிட்டு, 'மேலும் தகவல் தேவை' என்று விட்டுவிட்டால், ஓர் ஆங்கில மாடல் எழுதிய விடை மொழிபெயர்ந்து தமிழ் மாடலின் நடையாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்கச் சமையலறையையும் அமெரிக்கத் தேர்தலையும் பற்றிய கேள்விகள் தமிழ் மாடலுக்குள் எப்படி வந்தன என்று அவர் திகைக்க நேரும்.

நிலம் வாங்குகிறவர் கைக்கு வந்த பத்திரத்தோடு நிறுத்துவதில்லை. தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மாடல் உலகில் அந்த வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஃபைன்-டியூனிங்குக்குப் பயன்படும் 1,800-க்கும் மேற்பட்ட தரவுத்தொகுப்புகளைத் தணிக்கை செய்த டேட்டா புராவனன்ஸ் இனிஷியேட்டிவ், புகழ்பெற்ற தளங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு உரிமமே குறிக்கப்படவில்லை என்றும், குறிக்கப்பட்டவற்றிலும் பாதிக்குமேல் பிழை என்றும் கண்டது. தரவை உருவாக்கியவர் அனுமதித்ததைவிடத் தாராளமான உரிமம் குறிக்கப்பட்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. இதை நம்பி வணிகத்தில் இறங்குகிற சிறு நிறுவனத்துக்குத்தான் அடி விழும்.

அடுத்தது எண்கள். தானியங்கி அட்டையில் மதிப்பீடு என்ற பெயரில் பெரும்பாலும் ஒரே ஓர் எண் இருக்கும், லாஸ் எனப்படும் பிழை அளவு. டிஸ்டில்-ஜிபிடி2 வகை மாடலுக்கு அது 3.64 என்று வந்தால், பெர்ப்ளெக்சிட்டி சுமார் 38. அதாவது, அடுத்த டோக்கன் எது என்பதில் 38 சமவாய்ப்புகளுக்கு நடுவே தடுமாறுகிற அளவுக்கு மாடலுக்குக் குழப்பம் இருக்கிறது. ஒரே டோக்கனைசரைப் பயன்படுத்தும் இரண்டு மாடல்களை ஒரே சோதனைப் பனுவலில் ஒப்பிட இது உதவும். டோக்கனைசர் மாறினால் உதவாது. தமிழில் இது பெரிய பொறி.

யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். ஆங்கிலத்துக்காக உருவான ஜிபிடி-2 டோக்கனைசர் இதைப் பைட்டுகளாகவோ ஓரிரு பைட் ஒட்டிய துணுக்குகளாகவோதான் பார்க்கிறது. அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே வாய்ப்புகளில் ஒன்று. எனவே தமிழே தெரியாத மாடல்கூட இவற்றைச் சுலபமாக ஊகித்துவிடும், பெர்ப்ளெக்சிட்டி வெகுவாக இறங்கும். ஒரு கணக்குக்காக, 1,000 குறியீடுகள் கொண்ட ஒரே பனுவலை இரண்டு மாடல்களிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாடல் அதை 2,500 டோக்கனாக வெட்டி, டோக்கனுக்கு லாஸ் 1.0 பெறுகிறது. இரண்டாவது 600 டோக்கனாக வெட்டி 3.5 பெறுகிறது. பெர்ப்ளெக்சிட்டியைப் பார்த்தால் முதலாவது 2.7, இரண்டாவது 33. முதலாவதே கெட்டிக்கார மாடல் என்று தோன்றும். மொத்த லாஸைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முதலாவதுக்கு 2.5, இரண்டாவதுக்கு 2.1. தமிழை நன்றாக ஊகித்தது இரண்டாவதுதான். சோதனைப் பனுவல் எது, அதில் எத்தனை குறியீடு, எத்தனை டோக்கன் என்ற மூன்று விவரமும் இல்லாத பெர்ப்ளெக்சிட்டியைத் தமிழ் மாடலின் அட்டையில் எழுதுவதும் எழுதாததும் ஒன்றுதான். மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடியது 1,024 டோக்கன் நீளம் என்ற விவரமும் இப்படியே. ஆங்கிலத்தில் அது ஒன்றிரண்டு பக்கம் வரும். மேற்கண்ட முதல் மாடலின் கணக்கில் தமிழில் ஒரு பத்திக்குள் தீர்ந்துவிடும்.

சோதனைத் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பதும் எழுதப்படவேண்டியதே. ஒரே செய்திக் கட்டுரையின் வாக்கியங்களைக் கலைத்துப்போட்டுச் சில பயிற்சிக்கும் சில சோதனைக்கும் போனால், மாடல் ஏற்கெனவே படித்ததையே தேர்வாக எழுதுகிறது. கட்டுரை கட்டுரையாக, முடிந்தால் தேதிவாரியாகப் பிரிக்கவேண்டும்.

பயன்படுத்துபவர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எந்த வார்ப்பில் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுக்கப்பட்டதோ அதே வார்ப்பில் கேட்டால்தான் மாடல் ஒழுங்காகப் பேசும். 2023-இல் வந்த ஓர் ஆய்வு, பொருள் மாறாமல் இடைவெளி, முக்காற்புள்ளி, எழுத்தமைப்பு போன்ற வடிவ வேறுபாடுகளை மட்டும் செய்து பார்த்ததில், லாமா-2 13பி மாடலின் துல்லியம் 76 புள்ளிகள் வரை ஏறி இறங்கியது. கட்டளை வார்ப்பை ஓர் எழுத்துப் பிசகாமல், வரி முறிவு உட்பட அட்டையில் ஒட்டிவைப்பது மிகச் சுலபமான வேலை. அதைச் செய்யாததால் நல்ல மாடல்களே மோசமானவை என்று தூக்கியெறியப்படுகின்றன. டெம்பரேச்சர், டாப்-பி போன்ற வெளியீட்டு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். எப்போதும் மிக வாய்ப்புள்ள டோக்கனையே தேர்ந்தால் மாடல் ஒரே வாக்கியத்தைச் சுற்றிச்சுற்றி வருவது 2019 முதலே நன்கு அறியப்பட்டது. எந்த அமைப்பில் மாதிரி வெளியீடுகள் எடுக்கப்பட்டன என்று சொல்லாவிட்டால் அவற்றைப் பிறர் திரும்பப் பெறமுடியாது.

பாதுகாப்பு பற்றிய பகுதியை மூலத்தின் அட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதை நான் ஆபத்தானதாகவே கருதுகிறேன். பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மாடலை ஃபைன்-டியூன் செய்தால் அந்தப் பயிற்சி தளர்ந்துவிடுகிறது என்று 2023-இல் ஒரு குழு காட்டியது. தீய நோக்கில் தேர்ந்த பத்தே உதாரணங்களும் 20 சென்ட்டுக்கும் குறைந்த செலவும் ஜிபிடி-3.5 டர்போவின் தடைகளைத் தகர்க்கப் போதுமாக இருந்தன. கெட்ட எண்ணமே இல்லாத சாதாரணத் தரவில் பயிற்றுவித்தாலும் ஓரளவு தளர்வு ஏற்பட்டது. மூல மாடல் மறுத்த கேள்விகளை மாற்றப்பட்ட மாடலிடம் மறுபடி கேட்டு, கிடைத்த முடிவை எழுதவேண்டும். மனப்பாடம் செய்யும் சிக்கலும் இருக்கிறது. 2021-இல் நிக்கலஸ் கார்லினி குழு ஜிபிடி-2-விடமிருந்து அதன் பயிற்சித் தரவில் இருந்த 600-க்கும் மேற்பட்ட துண்டுகளை அப்படியே வெளியே எடுத்தது. தனிமனிதர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவையும் அவற்றில் இருந்தன. சில ஆயிரம் வாடிக்கையாளர் உரையாடல்களைப் பல எபோக் ஓட்டிப் பயிற்றுவிக்கும் சிறு மாடலில் இந்த ஆபத்து குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நடைமுறை எப்படி இருக்கிறது? ஹக்கிங் ஃபேஸ் தளத்தின் 32,111 அட்டைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. தளத்திலிருந்த மாடல்களில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே அட்டை இருந்தது. ஆனால் மொத்தத் தரவிறக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அவற்றுக்கே போனது. அட்டை உள்ளவற்றிலும் பயிற்சி பற்றிய பகுதிதான் அதிகம் நிரம்பியிருந்தது. சுற்றுச்சூழல் தாக்கம், குறைபாடுகள், மதிப்பீடு ஆகியவை மிகக் குறைவாக நிரம்பியிருந்தன. சட்டமும் இந்த இடைவெளியை முழுதாக மூடப்போவதில்லை. 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாடலை மாற்றியமைப்பவரின் கடமை அந்த மாற்றத்தோடு நின்றுவிடும் என்றும், இருக்கிற ஆவணத்தோடு மாற்றத்தின் விவரங்களையும் புதிய தரவின் மூலங்களையும் சேர்த்தால் போதும் என்றும் தன் முன்னுரைக் குறிப்பில் சொல்கிறது. வேறுபாட்டை எழுதுங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. ஆனால் அச்சட்டத்துக்கான 2025 ஜூலை வழிகாட்டுதலின்படி, மூலப் பயிற்சிக்குச் செலவான கணிப்புத் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் பயன்படுத்துபவரே புதிய மாடலின் வழங்குநராகக் கருதப்படுவார். லோரா செய்யும் தனிநபர் அந்த எல்லைக்கு அருகில்கூட வரமாட்டார். அவருடைய அட்டை அவர் மனம்வைத்தால் மட்டுமே எழுதப்படும்.

மனம்வைத்து எழுதினால் அது எப்படி இருக்கும்? தமிழில் சமையல் குறிப்பு எழுதும் ஒரு சிறு மாடலை ஒருவர் செய்கிறார் என்று கொள்வோம். குறிப்புகள் எந்தப் புத்தகங்களிலிருந்து, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டன. செட்டிநாடு, கொங்கு, யாழ்ப்பாணம் என எந்தப் பக்கத்துச் சமையல் எவ்வளவு. ஒரே சாம்பார் பத்து இடத்தில் வந்ததை எப்படி நீக்கினார். ஆழாக்கு, டம்ளர், கிராம் என்று கலந்து கிடந்த அளவுகளை ஒன்றாக்கினாரா, அப்படியே விட்டாரா. இவ்வளவுக்கும் அரைப் பக்கம் போதும். குறைபாடுகள் பகுதியில் 'தவறான தகவல் தரக்கூடும்' என்ற பொதுவரியால் யாருக்கும் பயனில்லை. தேவையான பொருட்களில் புளியே இல்லாமல் செய்முறையில் புளிக்கரைசலை ஊற்றச் சொன்ன ஒரு வெளியீடு, 2 டம்ளர் அரிசியில் தொடங்கி 3 டம்ளரை வடிக்கச் சொன்ன இன்னொன்று, சட்னியில் சேர்த்த நிலக்கடலையைப் பொருள் பட்டியலில் விட்டுவிட்ட மற்றொன்று என்று மூன்றையும் வெட்டாமல் ஒட்டவேண்டும். கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் அந்த மூன்றாவது தவறு ஓர் உயிரோடு சம்பந்தப்பட்டது.

எழுதியது மெய்தானா என்று சரிபார்க்க வழி உண்டா என்பதே இத்துறையில் இன்னும் தீராத கேள்வி. ஒரு பகுதிக்கு உண்டு. மாற்றப்பட்ட மாடலின் எண்களிலிருந்து மூலத்தின் எண்களைக் கழித்தால், எது எதிலிருந்து வந்தது என்பது தெரியும். லோரா வழி வந்த மாற்றமாக இருந்தால் அதன் ரேங்க் என்ன என்பதும் அந்த வித்தியாசத்திலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும். தரவுக்கு அப்படி வழியில்லை. குறிப்பிட்ட ஒரு பனுவல் பயிற்சியில் இருந்ததா என்று ஊகிக்கும் சோதனைகள் இருக்கின்றன. அந்தப் பனுவல் கையில் இருந்தால்தான் அவற்றால் கேட்கவே முடியும், அப்போதும் விடை உறுதியானதல்ல. மூலங்களின் பட்டியலை அவை தருவதில்லை. அதனால் அட்டையின் தரவுப் பகுதியைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. கோப்புகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, சலிக்கப்பட்டு, பெயர் மாறிய பிறகு, எந்தக் குறிப்பு எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதைச் செய்தவராலேயே பிரித்துச் சொல்லமுடியாமல் போய்விடும்.